தராசு நிலைக்கும் வரை

மாலை ஆறே முக்கால் இருக்கும். பீர்க்கன்கரணை ஏரியின் பின்பக்கச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகள். ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஐசக் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான். தெருவிளக்கு ஒன்றுகூட எரியவில்லை. வழியெல்லாம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன... சட்டென்று நின்றன. ஒன்று மிச்சமில்லாமல், எல்லாம் ஒரே சமயத்தில். அப்புறம் அந்த வாசனை. மழையில், ஆளில்லாத சாலையில்... அப்போதுதான் அரைத்த சந்தனம்.

இதைச் சொன்னவன் டெனிஸ். தாம்பரத்தில் மாலை வகுப்பின் நடுவே கரண்ட் போயிற்று. மார்கழியில் யாரும் எதிர்பார்க்காத மழை, கிளம்பவும் வழியில்லை. பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பேய்க் கதையை ஆரம்பித்து வைத்தது பாலு. ஆளாளுக்குக் கேள்விப்பட்டதைச் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். பல நாள் வராமலிருந்து அன்றுதான் வகுப்புக்கு வந்த டெனிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னா மச்சான், எங்களுக்குத் தெரியாம ஜிம்முக்குப் போறியா? சட்ட தொங்குது,” என்றான் பாலு. வகுப்பிலேயே பருமனானவன் டெனிஸ். அவன் உட்கார்ந்த பெஞ்சில் இன்னொருவருக்கு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று எப்போதும் கேலி செய்வார்கள்.

“எங்க அத்தான் செத்துட்டாருடா. அக்கா வீட்டுக்காரர். ஐசக்.”

சிரிப்பு நின்றது.

“சாரி மச்சான்... எப்படி?”

டெனிஸ் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “ஒரு தராசால,” என்றான்.

ஊரப்பாக்கத்தில் குடியிருந்த ஐசக், ஆய்வுக்கூடக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாகப் பிழைத்தவன். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் கோதண்டம் என்பவருடைய பெயிண்ட் சோதனைக்கூடம் இருந்தது. ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் மனையாகிப் போனபின், மிஞ்சிய இடத்தில் அதைக் கட்டினார். மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலிருந்து பெயிண்டும் பசையும் சோதனைக்கு வரும். பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே பெயிண்டைச் சூட்டில் காய வைத்து நிறுப்பார்கள். அதிலிருக்கும் தின்னர் ஆவியாகிப் போகப் போக எடை குறையும். எடை எப்போது குறையாமல் நிற்கிறதோ, அப்போது போக வேண்டியதெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம்.

அந்த அறைக்கு ஐசக் ஒரு புதுத் தராசு வைத்துக்கொடுத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே எண் மாறும். அறையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் அந்தத் தராசோடு இணைத்திருந்தான். அடுப்பு, பம்ப், கலக்கி, சுவரில் இருந்த பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், எல்லாம். பஸ்ஸில் கண்டக்டர் மாதிரி அது. விசில் கொடுத்தால்தான் மற்றவை அசையும். தட்டில் எடை ஏறினால் ஃபேன் நின்றுவிடும்; காற்றடித்தால் எண் ஆடும் அல்லவா? எடை நிலைத்ததும் தராசு ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். அடுப்பு அணையும். ஃபேன் ஓடும். அதுவரைக்கும் அறையில் காற்று இல்லை.

முதலில் ஐசக் ஒரு கெடு வைத்திருந்தான். ரொம்ப நேரம் எடை நிலைக்காவிட்டால் ஃபேன் தானாக ஓட ஆரம்பித்துவிடும். கோதண்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

“பாதி காயுறப்பவே காத்தடிச்சுக் கெடுத்துடுதுப்பா. மறுபடி மொதல்லேர்ந்து. அது முடியற வரிக்கும் சும்மா கெடக்கட்டுமே?”

ஐசக் கெடுவை எடுத்துவிட்டான். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை, அவ்வளவுதான். பிறகு எத்தனையோ இரவுகள் அந்த ஒரு அழுத்தலை நினைத்து விழித்துக் கிடந்தான்.

பின்னறை ஜெயவேலுவின் பொறுப்பு. உள்ளூர்க்காரர், நெல் அளந்த குடும்பம். காலையில் முதல் எடையை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார். ‘லாபம்’ என்பார். அடுத்ததுதான் ‘ரெண்டு’. தராசைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு.

“இன்னா ஐசக்கு, இது இன்னா கலெக்டரா? இது கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குக் காத்தே வருமா?”

ஆயுத பூசை வந்தது. விடுமுறைக்கு முந்தின மாலை கூடத்தைக் கழுவி விட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டிப் படையல் போட்டார்கள். சர்வீசுக்கு வந்திருந்த ஐசக் வழக்கம்போலக் கதவோரம் நின்றான். வருடா வருடம் அப்படித்தான். பூசை முடிந்ததும் அவனுக்கென்று ஒரு பொட்டலம் பொரி வரும். ஜெயவேலு கிண்ணத்தோடு ஒவ்வொரு கருவியாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். அடுப்புக்கு, பம்புக்கு. தராசிடம் வந்தபோது கண்ணாடிக் கதவைத் திறந்து, தட்டின் நட்டநடுவில் கட்டை விரலால் சந்தனத்தை அழுத்தி வைத்தார். காசு அகலம்.

“இங்க இருக்கிறதுக்கெல்லாம் இதுதானே தலைவரு. தலைவருக்கு நெத்தியிலதான வெக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஐசக் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஈரச் சந்தனம். காயும். காயக் காய எடை குறையும். தட்டில் மட்டும் வேண்டாம் ஜெயவேலு அண்ணா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. நம் சாமி இல்லையே, நல்ல நாளில் நாம் போய் எப்படித் தடுப்பது? தப்பாக எடுத்துக்கொண்டால்? வேலை செய்யும்போது எப்படியும் துடைப்பார்தானே... பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை அன்றைக்கே துடைக்க யாருக்கு மனம் வரும்? எல்லோரும் போனபின், லீவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று மிச்சமிருந்த பெயிண்டை அடுப்பில் ஏற்றியிருக்கிறார் ஜெயவேலு. மழைக்காக ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தட்டில் சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டிருந்தது. எடை குறைந்துகொண்டே இருந்தது. ஃபேன் ஓடவில்லை. தின்னர் வாடை அறையை நிறைத்தது. முதலில் தலை கிறுகிறுக்கும். அப்புறம் சுகமாகத் தூக்கம் வரும்.

வாசலில் அவர் சைக்கிள் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கோதண்டம் உள்ளே போனபோது, ஜெயவேலு நாற்காலியில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தராசில் எண் அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, பாவம்,” என்றாள் தமிழினி. பாலு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். டெனிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே சொன்னான்.

ஜெயவேலுவின் வேலை சத்யப்ரியா என்ற பெண்ணிடம் வந்தது. படிப்பு முடித்து வந்த முதல் வேலை. அவள்தான் ஐசக்கைக் கூப்பிட்டாள். அன்று அந்த ஏரிச் சாலையில் அவன் போனது அதற்காகத்தான். போய்ச் சேர்ந்தபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“உள்ள உட்கார வேண்டியதுதானேம்மா?”

“முடியலண்ணா. பொழுது சாஞ்சா எடை தானா குறையுது. தட்டுல ஒண்ணுமே இல்ல. கழுவிப் பாத்தேன், புதுத் தட்டே மாத்திப் பாத்தேன். பூஜ்யத்துக்குக் கீழயும் போகுது. ஃபேன் நின்னுடுது.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “திங்கக்கிழமையிலருந்து சாயங்கால வேலையும் நானாம். தனியா. சார்கிட்ட சொன்னா, படிச்ச பொண்ணு இப்படிப் பயப்படலாமாங்கறாரு.”

ஐசக் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். தராசிடமிருந்து ஃபேனைப் பிரித்துவிட வேண்டும். அது சொன்னாலும் சொல்லாவிட்டாலும் காற்று ஓட வேண்டும். ஒரு ஆள் போனது போதும். இந்தப் பெண் அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.

“நீ கெளம்பும்மா. லேட்டானா ஆட்டோ கெடைக்காது.”

“கதவ சாத்தாதீங்கண்ணா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐசக் ஹெல்மெட்டைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். வாசனை அங்கேதான் இருந்தது. சந்தனம், அதற்கு அடியில் தின்னர். அடுப்புகள் ஆறிக் கிடந்தன. மூடிகள் எல்லாம் இறுக மூடியிருந்தன. பிறகு எங்கிருந்து வருகிறது?

தட்டு காலி. எண் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் எதையும் வரிசையாகச் செய்கிறவன். தராசு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தான். இல்லை. பிறகு தராசிலிருந்து ஃபேனுக்குப் போகும் ஒயரைக் கழற்றி நேராகச் சுவர் ஸ்விட்சில் கொடுத்தான். போட்டான்.

ஃபேன் சுற்றவில்லை.

டெஸ்டர் வைத்தான். எரிந்தது. மின்சாரம் வருகிறது. ஸ்டூலில் ஏறி, ஸ்விட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளினான். கொஞ்சம் நகர்ந்தது... நின்றது. இரும்பில் இடித்த மாதிரி இல்லை. மெத்தென்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உள்ளங்கையால் பிடித்துக்கொண்டிருப்பது போல. அந்தப் பக்கம் ஏரி.

இறங்கிவிட்டான். ஒருவேளை தராசுதான் கெட்டுப்போயிருக்கிறதோ? எடை தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நிறைகல் பெட்டியை வண்டியிலேயே விட்டு வந்திருந்தான். கல்யாண மோதிரம் நான்கு கிராம். கழற்றித் தட்டில் வைத்தான். சரியாக நான்கு கிராம் காட்டியது. ஐசக்குக்கு நிம்மதியாக இருந்தது.

எண் இறங்கியது.

தங்கம் காயுமா? குனிந்து பார்த்தான். இறங்கும், நிற்கும். இறங்கும், நிற்கும். அதில் ஒரு கதி இருந்தது. மூச்சைப் பிடித்தான். எண் நின்றது. விட்டான். இறங்கியது. மறுபடி பிடித்தான். நின்றது. நெஞ்சு வலிக்கிற வரை பிடித்திருந்தான், அதுவும் நின்றே இருந்தது. முடியாமல் விட்டான்.

இறங்கியது.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. காதோரம், ஈரமாக, யாரோ எண்ண ஆரம்பிக்கிற குரலில்...

“லாபம்.”

ஐசக் திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. முட்டுக் கொடுத்த ஹெல்மெட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, முகம் இவன் பக்கமாக. எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. தோள் சதை கிழிந்திருந்தது. டூல்ஸ் பையும் மோதிரமும் உள்ளேயே நின்றுவிட்டன.

அன்று ஒரு நல்லது மட்டும் நடந்தது. ஆட்டோ கிடைக்காமல் சாலையிலேயே நின்றிருந்த சத்யப்ரியா அவன் தோளைப் பார்த்தாள்; அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை. ஆள் கிடைக்காமல் கோதண்டமும் கூடத்தைப் பூட்டி, மின் இணைப்பையும் எடுத்துவிட்டார்.

ஐசக் இளைக்க ஆரம்பித்தான். முதலில் வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்கியது. அப்புறம் சட்டை. டெனிஸின் அக்கா முட்டையும் ஆட்டு ஈரலுமாகச் சமைத்துப் போட்டாள். அவனும் சாப்பிட்டான், பசித்தது, மூன்று வேளையும் சாப்பிட்டான். சர்க்கரையா, காசநோயா என்று எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றே வந்தது. வயிறு ஒட்டியது. கன்னம் உள்ளே போயிற்று. போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

“ஃபேன் போடு,” என்பான் ஐசக். ஃபேன் தலைக்கு மேல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். “போட்டுத்தாங்க இருக்கு,” என்பாள் அக்கா. “தின்னர் வாட அடிக்குது. ஃபேன் போடும்மா.”

ஒருநாள் டெனிஸ் கேட்டான். “அத்தான், நான் போய் அந்த மோதிரத்த எடுத்துட்டு வந்துடட்டுமா? எடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமில்ல?”

ஐசக் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் எடையே இல்லை.

“வேணாம்டா. எடுத்தா தட்டு காலியாயிடும். அடுத்தது வெக்கத்தான் காத்துக்கிட்டிருக்கு. என்னோட முடியட்டும். யாரும் போகாதீங்க.”

கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியற்காலை ஐசக் போனான். மூச்சு நின்றது தெரியவே இல்லை என்றாள் அக்கா. தூக்கத்தில் போன மாதிரி. சற்று நேரத்துக்கெல்லாம் கோதண்டத்திடமிருந்து போன் வந்தது, டெனிஸ் எடுத்தான். சாவுச் செய்தி அவருக்கு இன்னும் தெரியாது.

“ஐசக் இருக்காராப்பா? மீட்டரையே கழட்டிட்டுப் போய்ட்டாங்க, ரூம்ல ஃபேன் ஓடிக்கினு இருக்கு. ஏரிக்கு அந்தாண்ட வரிக்கும் கேக்குது. இன்னா வயரிங் பண்ணி வச்சாரு?”

அக்கா சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐசக்கின் விரலைத் தடவித் தடவிப் பார்த்தாள். “மோதிரம் இல்லாம எப்படி அடக்கம் பண்றது? என் மோதிரம்டா அது. நான் போட்டு விட்டது.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மதியம் கல்லறைக்கு எடுக்க வேண்டும். அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

டெனிஸ் போனான்.

பட்டப்பகல். கோதண்டம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். பின்னறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வாடையே இல்லை, அறை முழுக்க ஏரிக் காற்று. அத்தனை சுகமான காற்று. தராசின் கண்ணாடிக்குள் மோதிரம் இருந்தது. எண் அசையாமல் நின்றிருந்தது.

வண்டியில் போகும்போது பாக்கெட்டிலிருந்து விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்ததும் விரலில் மாட்டிக்கொண்டான். அவன் தடித்த விரலுக்கு அது இறுக்கம், திருகித் திருகித்தான் போட்டான்.

ஃபேன் வேகம் குறைந்தது. இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. நின்றது. பிறகு சந்தன வாசனை. பிறகு, காதோரம்...

“ரெண்டு.”

வகுப்பறையின் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

“அப்புறம்?” என்றாள் தமிழினி.

“அப்புறம் என்ன... மோதிரத்தக் கழட்ட முடியல. சோப்பு போட்டாச்சு, எண்ணெய் போட்டாச்சு, வரவே இல்ல. மோதிரம் இல்லாமத்தான் அடக்கம் பண்ணினோம். நீயே வெச்சுக்கடான்னுட்டா அக்கா. இந்த வருஷம் வீட்ல கிறிஸ்துமஸ் ஸ்டார்கூடக் கட்டல.”

பாலு சிரிக்க முயன்றான். “டேய், நீ ஒரு ஆளு... சூப்பரா சுத்துறடா.”

அப்போது கரண்ட் வந்தது. விளக்குகள் எரிந்தன. எல்லோர் தலைக்கு மேலும் ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. மெழுகுவத்தி அணைந்தது, பெஞ்சில் இருந்த தாள்கள் பறந்தன. அப்பாடா என்று எல்லோரும் எழுந்தார்கள். டெனிஸ் மட்டும் சட்டைப் பொத்தானை அவிழ்த்து விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“கரண்டுதான் வந்துடுச்சில்ல,” என்றான். “யாராச்சும் ஃபேன் போடுங்கடா.”

‘டிங்’ என்று ஒரு சத்தம். அவன் விரலிலிருந்து மோதிரம் கழன்று தரையில் உருண்டு தமிழினியின் காலருகே போய் விழுந்தது. அவள் குனியப் போனாள். “தொடாத!” என்று கத்தினான் டெனிஸ். தானே எழுந்து வந்து, பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. மோதிரத்தின் உள்வட்டம் முழுக்க, விரலில் நிற்பதற்காக, கனமாக நூல் சுற்றியிருந்தது.

டெனிஸ் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தான். பழைய சுற்றின் மேலேயே இன்னும் கொஞ்சம் சுற்ற ஆரம்பித்தான்.

நூல்கண்டு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.